மனுவேல்களை மீட்டுத் தந்த இசபெல்லா அம்மையாருக்கு

தங்கள் பணிநிறைவு விழா அவையில் இருப்போர் விவரம் முதலில். நடு நாற்காலியில் எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் திரு. வெள்ளத்துரை. அவருக்கு வலப்புறம், மாலையின் கனத்தில் கழுத்துக் குனிந்து, நாற்காலியின் நுனியில் மட்டும் அமர்ந்திருக்கும் தாங்கள். இடப்புறம், நாளை முதல் தங்கள் மேசைக்கு வரப்போகும் எழுத்தர் சரண்யாதேவி. அவர் முகத்தை இப்போது யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம். முன்வரிசையில் மணப்பாட்டிலிருந்து வந்த தங்கள் உறவினர். அவர்களுக்குப் பின்னால் படகு உரிமையாளர்களும் கூலிக்குக் கடல் ஏறுவோரும், இன்று ஒரு நாள் வரிசை பாராமல். சன்னலோரம் நிற்பவர் தபால் பார்க்கும் ரெக்சன். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்.

உப்புக் காற்றில் இரும்பெல்லாம் துருவேறும் ஊரில் எங்கள் எழுத்தில் துருவேறாமல் காத்தவரே! எங்கள் தலைமை எழுத்தரே! பொறுமையின் பெட்டகமே என்றோ, அஞ்சாநெஞ்சம் படைத்தவரே என்றோ தங்களை அழைக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் எழுதியதைத் தாங்கள் சரிபார்ப்பீர்கள் என்று தெரிந்தபின் பொய் எழுதக் கை வரவில்லை. தாங்கள் அஞ்சியவர், அன்றாடம் அஞ்சியவர், எங்களுக்கும் சேர்த்து அஞ்சியவர். அந்த அச்சத்தைப் போற்றவே இம்மடல்!

விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் உரிமக்காலம் முடிந்த ஒரு காலையில் நம் கோப்புகள் யாவும் திறந்தன. திறந்து, திருத்த மட்டும் விடாமல் கைகட்டி நின்றன. "நாம எழுதுனதை நாம திருத்துததுக்கு அடுத்தவன்கிட்ட சாவி கேட்டு நிக்கணுமா?" என்று தாங்கள் பதறிய அந்தப் பதற்றமே, எவரும் எடுத்தாளலாம், எவரும் பிரித்துப் பார்க்கலாம் என்று உலகுக்கே திறந்து வைத்த லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை இந்த அலுவலகத்துக்குள் அழைத்து வந்தது. வந்ததோடு நின்றதா? பங்குக் கோயில் அலுவலகம், வலைக்கடை, சங்கு குளிப்போர் சங்கம் என்று தாங்கள் ஏற்றிக் கொடுத்த கணினிகள் பெருகப் பெருகத் தங்கள் கைப்பேசியும் ஓய்வொழிந்தது. மணப்பாட்டுத் திருவிழாவில் கோயில் படியில் நின்றுகொண்டு, "கட்டங் கட்டமாத் தெரியுதா? எழுத்துரு ஏத்தாம இருந்திருப்ப. அழாதளா, நான் சொல்லச் சொல்ல அமுக்கு" என்று தாங்கள் பேசியதைக் கேட்ட வெளியூர்க்காரர் தங்களை மருத்துவர் என்றே எண்ணிப் போனார். காலையில் வந்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்பது மற்றவர் வழக்கம். "சேமிச்சியா?" என்று கேட்பது தங்கள் வழக்கம்.

தங்கள் அச்சத்தின் அருமையை அவையோர் அறிய ஒரு பிற்பகலைச் சொல்லியாக வேண்டும். முகத்துக்கு நேரே சொன்னால் தாங்கள் எழுந்து மறுப்பீர்கள். ஆகவே சிறிது நேரம் தங்களை வெறும் 'அம்மையார்' என்றே சொல்லிச் செல்கிறோம். பொறுத்தருள்க.

மீன்பிடித் தடைக்காலம் முடியவிருந்த சமயம். கடலுக்குப் போக அனுமதி கேட்போரின் பட்டியல் அன்று மாலைக்குள் மேலலுவலகம் சேர வேண்டும். பட்டியலில் பெயர் பிசகினால் அவர் முதல் நாள் படகேற முடியாது. இந்நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: 'மனுதாரர்' என்று எழுதற்க, 'விண்ணப்பதாரர்' என்று எழுதுக. சரண்யாதேவி ஆற்றங்கரை வயற்காட்டு ஊர்க்காரர், கடற்கரைப் பெயர்கள் பழகாதவர், வேலையில் வேகம். தேடும் கட்டத்தில் 'மனு' என்றும், மாற்றும் கட்டத்தில் 'விண்ணப்ப' என்றும் அடித்து, 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானை அழுத்தினார். மனுதாரர் எல்லாரும் அழகாக விண்ணப்பதாரர் ஆயினர். சேமித்து, அச்செடுத்து, கோப்பை மூடிவிட்டுத் தாளைக் கூடத்து மேசையில் வைத்தார்.

கூடத்தில் காத்திருந்த உறுப்பினர் மனுவேல் அதைப் புரட்டினார்.

"ஏலே, யாருலே இந்த விண்ணப்பவேலு? எங்கப்பன் எனக்கு மனுவேலுன்னுல்லா பேரு வச்சான்!"

"நீ விண்ணப்பம் போட்டுப் போட்டுத்தான உனக்குப் பொண்ணே கெடச்சுது, பேரு பொருத்தமாத்தான் இருக்கு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. நம் கடற்கரையில் மனுவேல் என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அத்தனை பேரும் விண்ணப்பவேல் ஆகியிருந்தார்கள்.

அம்மையார் சிரிக்கவில்லை. தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றை மாற்றினால் மாற்றிய இடம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றினால் எங்கெங்கே என்ன போயிற்று என்று யார் கண்டார்?

செயலாளர் வெளியே வந்தார். "இதுக்குத்தான் ஓசிச் சரக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். இந்தப் பட்டியல் இன்னைக்குச் சரியாப் போவலன்னா, நாளைக்கே இதைத் தூக்கிட்டுப் பழையதை வாங்கிப் போட்டுருவேன்."

"அது மேல பழி போடாதிய சார். அது சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. நாமதான் அரைச் சொல்லைச் சொல்லியிருக்கோம்" என்றார் அம்மையார்.

கோப்பை ஒருமுறை மூடிவிட்டதால் பின்னோக்கிப் போக வழியில்லை. முந்தைய சேமிப்பு இருக்கும் காப்புநகலைத் திறந்தார்கள். சரண்யாதேவி தலைப்பில் தேதி திருத்தி இரண்டாம் முறையும் சேமித்திருந்தமையால், காப்புநகலிலும் விண்ணப்பவேல்களே வரிசைகட்டி நின்றார்கள். சரண்யாதேவிக்குக் கண் கலங்கியது. "எல்லாத்தையும் திருப்பி 'மனு'ன்னே மாத்திருதேன் மேடம்!"

"கையை எடுளா! திருப்புனா அவங்க கேட்ட வார்த்தையும் போயிரும். முன்னாலயே சரியா இருந்த 'விண்ணப்பம்' எல்லாம் 'மனும்'னு வந்து நிக்கும். ஒண்ணொண்ணாத் தேடு. ஒண்ணொண்ணா மாத்து."

'விண்ணப்பவேல்' என்று தேடி, நின்று, பார்த்து, மாற்றி, அடுத்ததற்குப் போனார்கள். கடைசி மனுவேலும் கரை சேர்ந்தார். "முடிஞ்சுது மேடம், அடிச்சு அனுப்பிருவோம்" என்றார் சரண்யாதேவி. சன்னலுக்கு வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரெக்சன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மையாரோ கைகாட்டி அவரை நிறுத்தினார்.

"வேல் உள்ள மனுவைத் தேடியாச்சு. வேல் இல்லாத மனு எங்கயாவது கெடந்தா?"

திருத்தியதைப் புதிதாக அச்சடித்து, அந்தத் தாளோடு கூடத்தின் நடுவே போய் நின்றார். முதல் பெயரிலிருந்து உரக்க வாசிக்கலானார். "என்ன, மன்றாட்டு மாலையா வாசிக்கிய?" என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். அவ்வளவுதான், கோயில் செபத்தில் புனிதர் பெயர்களுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு பெயருக்கும் கூடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று பதில் கொடுக்க ஆரம்பித்தது. சிரிப்புக்கு நடுவே, வேர்த்து வழிய, ஒரு பெயரையும் விடாமல் அம்மையார் வாசித்து முடித்தார். விட்டது இல்லை என்றே நினைத்தார்.

தூணோரம் இருந்த விஜிலா எழுந்தார். "அக்கா, எங்க வீட்டுக்காரரை வாசிக்கவே இல்லையே. அவரு வேம்பாருல படகுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு கெடக்காரு, நான்தான் வந்தேன்."

"பேரு என்னம்மா?"

"சூசைமனு."

அம்மையார் தாளைத் திருப்பினார். 'சூசைவிண்ணப்ப' என்று இருந்தது. அடுத்த வரியின் 'விண்ணப்பதாரர்' இங்கே ஒட்டிக்கொண்டது போலக் கண்ணுக்குப் பட்டதால், பதற்றத்தில் 'சூசை' என்று மட்டும் வாசித்துக் கடந்திருந்தார்.

"ஏளா விஜிலா, நீ வராம இருந்திருந்தா?"

"வராம எங்க போவ? அவரு கடலுக்குப் போவலன்னா வீட்டுல கெடந்து என் உசிரை வாங்குவாருல்லா!"

சூசைமனுவைச் சரண்யாதேவியே தட்டெழுதினார், எழுத்தெழுத்தாக, மூச்சை அடக்கிக்கொண்டு. செயலாளர் கையெழுத்திட்டுவிட்டுச் சொன்னார்: "இதையே வச்சுக்கிடுங்க, பழையது வேண்டாம். ஆனா அந்த 'அனைத்தையும்'ங்கிற பொத்தானைப் பாத்தா இனி எனக்கும் வயித்தைக் கலக்கும்."

அம்மையீர்! படர்க்கை இத்துடன் முடிந்தது; தாங்கள் தலைநிமிரலாம். அந்தக் கலக்கம்தான் தாங்கள் எங்களுக்கு விட்டுச் செல்வது. நாளைக் காலை கோப்பு ஒன்று திறக்க மறுத்தால் யாரை அழைப்போம் என்று எங்கள் நெஞ்சு இப்போதே அடித்துக்கொள்கிறது. அழைத்தால் எடுங்கள், எடுக்காவிட்டாலும் நாங்கள் ஒன்றொன்றாகத் தேடிப் பார்த்துக்கொள்வோம். இரத்த அழுத்தம் இறங்கி, உறக்கம் கூடி, உற்றார் சூழ, நலத்தோடும் நகையோடும் நெடுங்காலம் வாழ்க தாங்கள்! அஞ்ச ஒன்றும் இல்லாத நாட்கள் தங்களுக்கு வாய்க்க! அப்படி வாய்த்து அலுத்துப் போனால் அலுவலகம் பக்கம் ஒரு நடை வருக!

அன்று அந்தப் பட்டியல் உறை மேலலுவலகம் போன விதத்தைச் சொல்லாமல் மடலை முடிக்க முடியாது. பசை தடவி ஒட்டிய உறையைத் தாங்கள் மறுபடி கிழிக்கச் சொன்னீர்கள், உள்ளே இருப்பது திருத்திய பட்டியல்தானா என்று பார்க்க. அதுதான் இருந்தது. புது உறை எடுத்துச் சரண்யாதேவி ஒட்ட, அதன்மேல் தாங்கள் சங்க முத்திரையை அழுத்தி, மை காயும்வரை ஊதினீர்கள். "ரெக்சன், உறையை விட்டுக் கையை எடுக்காத" என்றீர்கள். "அக்கா, பைக் ஓட்ட ஒரு கையாவது வேணும்லா" என்றார் அவர். உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, துறைமுகச் சாலையில் ஏறிப் போனார்.

இவண்,
தங்கள் பிரிவால் கலங்கும்
சங்க அலுவலர்களும் உறுப்பினர்களும்,
தூத்துக்குடி.