தயாநிதியின் பிஸ்டலில் மிஞ்சிய ஊசி

எனது பெயர் கந்தையா தங்கராஜா. வயது 57. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தொடர்மாடியில் வசிக்கிறேன். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பகுதி மேற்பார்வையாளர். நான் போகாவிட்டால் அங்கே சத்திரசிகிச்சையே தொடங்காது. 1991இல் அகதியாக வந்தேன். இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகம் வருகிற மாதம். பொலிஸ் அதிகாரியிடம் நான் தமிழில் சொல்ல, செல்வி கோபிஷா மொழிபெயர்க்கிறார்.

காயப்பட்ட தயாநிதி என் தங்கை இராஜேஸ்வரியின் கணவர். மணிக்கூட்டு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பிறகு வந்து, எனக்கு முந்தியே சுவிஸ்காரன் ஆனவர். துப்பாக்கி சுடும் கழகத்திலும் சேர்ந்தார். மாசி மாதம், தன் மகளின் பிறந்தநாள் விழாவில், தான் வாங்கப்போகும் விலைகூடிய பிஸ்டலின் படத்தைக் காட்டினார். சனமெல்லாம் அவரைச் சுற்றி நின்றது. அதன்பின் நான், வன்னியில் இருநூறு துவக்கு என் கையால் திருத்திய கதையைச் சொல்லி, பெயருக்குக் காசு கொடுக்கிறவன் விசரன், மலிவானதை வாங்கும், விசையையும் குறிபார்க்கிற பாகத்தையும் நான் மாற்றித் தந்தால் உம்முடைய விலைகூடியது அதற்குக் கிட்டவும் வராது என்றேன். சனம் என் பக்கம் திரும்பியது.

அதன்பின் அவர் மலிவானதை வாங்கினார். கழகத்து முதியவர் ஒருவர், மாற்றுவதானால் துப்பாக்கிக் கடையில் கொடு, இல்லையென்றால் நல்லதையே வாங்கு என்றாராம். அந்த மனிசன் எந்தப் போரைக் கண்டது என்று நான் கேட்டேன். அதன்பின் பாகங்கள் தபாலில் வந்தன. மூன்று ஞாயிறு, அவருடைய குசினி மேசையில் வைத்துப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். போனில் வீடியோ பார்த்தது ஞாபகப்படுத்துவதற்கு மட்டுமே. மூன்றாம் ஞாயிறு, பாகங்களைக் கோர்க்கிற சிறிய இரும்பு ஊசி ஒன்று மிஞ்சியது.

தயாநிதி அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அத்தான், இப்பிடி ஒண்டு மிஞ்சாது. நான் ஒருக்காக் கழட்டிப் பாக்கட்டோ?"

"இது மணிக்கூடு இல்லை மச்சான். மிஞ்சும்."

ஊசியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்று அதை ஒப்படைத்துள்ளேன்.

அதன்பின் வந்த சனிக்கிழமை, சுடுமிடத்தில், அவர் குறிபார்க்க முன்னரே பிஸ்டல் தானாகவே வெடித்தது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சின்னத் திருகுகளைப் பிடிக்கிற விரல்கள் அவை.

அதன்பின், இன்றைய விசாரணையில், அதிகாரி எனது 1991ஆம் ஆண்டு அகதி விசாரணைப் பதிவை மேசையில் வைத்தார். ஆயுதம் எதையும் ஒருநாளும் தொட்டதில்லை என்று அதில் நான் சொல்லியிருக்கிறேன். வன்னிக் கதை உண்மையானால் அந்தப் பதிவு பொய், குடியுரிமை இல்லை. பதிவு உண்மையானால் தயாநிதி யாரை நம்பிப் பிஸ்டலைக் கொடுத்தார் என்று கேட்டார்.

கோபிஷா எங்கள் கட்டடத்தில் வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்டவர். கேள்வியை மொழிபெயர்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "மாமா, எதைச் சொல்லட்டும்?"

என் பதில்: பதிவுதான் உண்மை. நான் சுன்னாகத்தில் குடை திருத்தும் கடையில் இரண்டு வருடம் நின்றேன். வன்னிக்குப் போனதே இல்லை. துவக்கு ஒன்றை முதன்முதல் கையில் எடுத்தது தயாநிதியின் குசினியில்.

இதன் பிரதி தயாநிதியின் வழக்கறிஞருக்கும் போகும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. குடைக்கடை வந்த இடத்தில் கோபிஷா தலை நிமிரவில்லை. ஒரு திருத்தம் கேட்டேன்: முதற் பந்தியில் மேற்பார்வையாளர் என்று உள்ளதை வெட்டி, துப்புரவுத் தொழிலாளி என்று எழுதவும். இனி இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை.

(ஒப்பம்) க. தங்கராஜா