சூரனின் வலது கை

ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாரே உங்கள் கான்ஸ்டபிள், அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள் சார். வயதானவரை வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் உட்கார வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தானாகத் தோன்றியிருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன உதவிகளில்தான் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவன் நான்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பெயர் கணபதி, வயது அறுபத்தாறு, லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கராச்சர்மாவில் குடியிருப்பவர். எல்லாம் சரி. இறந்தவர் ரவிச்சந்திரன், வெல்டர், இருபது வருடமாக என்னோடு கோயிலுக்கு வேலை செய்தவர். அதுவும் சரி. கடைசிக்கு முந்தின வரிதான் உறுத்துகிறது. 'பழைய போர்டில் ஏற்பட்ட கோளாறினால்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. என் போர்டில் இதுவரை கோளாறு வந்ததில்லை.

அவசரம் இல்லையென்றால் உட்காருங்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் முருகன் கோயிலில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் உண்டு. மெயின்லேண்டில் என்றால் சூரனைத் தோளில் தூக்கி ஆட்ட ஐம்பது பேர் வருவார்கள். இந்தத் தீவில் பாதிப் பேர் கப்பலில் இருப்பார்கள், மீதிப் பேர் ஆபீசில். அதனால் நானும் ரவியும் தானாக ஆடும் சூரனைச் செய்தோம். பன்னிரண்டு அடி உயரம். இரும்புக் கூடு கட்டுவது அவன் பொறுப்பு. பெரார்கஞ்ச் வயல்களிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து உடம்பு திணிப்பதும் அவன்தான். தலை திரும்புவது, கண் உருள்வது, வலது கை கதாயுதத்தை ஓங்கி இறக்குவது, இதெல்லாம் என் பொறுப்பு.

அதற்கான சர்க்யூட் போர்டை நானே செய்வேன். தொண்ணூறுகளில் கப்பலில் வந்துகொண்டிருந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. செம்புத் தகட்டில் பெயின்டால் கோடு வரைந்து, பிளாஸ்டிக் பேசினில் ஃபெரிக் குளோரைடு ஊற்றி ஆட்டிக்கொண்டே இருந்தால் வேண்டாத செம்பு கரைந்து போகும். அதன் மேல் ஒரு பழைய சிப். சிப்பின் நெற்றியில் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. ஒரு வாரம் வெயிலில் வைத்தால் கற்றதையெல்லாம் மறந்துவிடும். மறுபடி புதிதாகச் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுத்த பிறகு ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி, மேலே துளி விபூதி வைப்பேன். இப்போது யாரும் இந்த மாதிரி செய்வதில்லை. எனக்கு இதுதான் தெரியும்.

உங்கள் வழக்குக்கு வேண்டியது ஒரே விஷயம். மெயினைப் போட்டவுடன் சிப் விழித்துக்கொள்ளாது. அரை விநாடி தூக்கக் கலக்கத்தில் இருக்கும். அந்த அரை விநாடியில் மோட்டாருக்குப் போகும் வழியைத் திறந்து போட்டுவிடும். அப்படித் திறக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மேலே கோடு இருக்கும். பத்திரிகையில் இருந்த படத்தில் அது கிடையாது. பக்கத்தில் நிற்பவன் மேல் கை பட்டுவிடக் கூடாதே என்று நானாகச் சேர்த்தேன். அது இருந்தால், விழிக்கும்போது சூரனின் கை லேசாகச் சிலிர்க்கும். அவ்வளவுதான்.

அந்தச் சிலிர்ப்பை வைத்துத்தான் ரவி தோள் செயினை முறுக்குவான். மற்ற இடங்களில் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே தலையை நீட்டுவார்கள். எங்கள் வழக்கம் வேறு. அவன் சூரனின் அக்குளுக்குக் கீழே குனிந்து, செயின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "போடுங்கண்ணே" என்பான். நான் மெயினைப் போடுவேன். செயின் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். மேலே சூரனின் கை, ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய், நுனியில் மணல் நிரப்பிய கதாயுதம். பார்க்கிறவர்கள் பயந்து கூப்பிடுவார்கள். "அண்ணன் போர்டு கடிக்காது, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க" என்று உள்ளேயிருந்தே பதில் சொல்வான்.

நல்ல பேச்சுக்காரன். அவன் அப்பா காத்தமுத்து இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, தெற்குத் தீவில் ஹட் பேயில் பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில்தான் ரவி வெல்டிங் கற்றுக்கொண்டான். சுனாமிக்குப் பிறகு மனைவி சுதாவோடு இங்கே வந்தான். எட்டு மாதம் என் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவனுக்கு மட்டும் எப்போதாவது நினைவுபடுத்தியிருப்பேன். என் மனைவி ஜெயலட்சுமி போன பிறகு, சுதா வாரத்துக்கு மூன்று நாள் எனக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிடுவாள். முந்தாநாளும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் அவள் மனம் வருத்தப்படும் என்று சாப்பிட்டேன்.

இரண்டு வருடமாக என் கை நடுங்குகிறது சார். பாருங்கள். ஈயம் பற்றவைக்கும்போது, ஜெயலட்சுமியின் பழைய புடவையைக் கிழித்து மணிக்கட்டை ஒரு மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் ரவி சொல்லாமல் உள்ளே வந்துவிட்டான், பார்த்துவிட்டான். அன்று மாலையே அவனைச் சன்னதிக்கு அழைத்துப் போய், யாரிடமும் சொல்வதில்லை என்று விபூதியைத் தொட்டுச் சத்தியம் வாங்கினேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆறு நாள் விரதம் இருந்து முருகனுக்குச் சூரனை ஆட்டிக் காட்டுவது ஒன்றுதான் நான் செய்யும் பூஜை. கை நடுங்குகிறவனிடம் அதைக் கொடுப்பார்களா?

கொடுக்கவில்லை. ஆவணி மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, காய்ச்சல். மறுவாரம் என்னை வரச்சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். செயலாளர் ஹரிஹரன் பேசினார். கணபதி அண்ணனுக்கு இனி ஓய்வு, மெயின்லேண்டிலிருந்து ரெடிமேட் போர்டு வருகிறது, போனிலேயே சூரனை ஆட்டலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ரவியும் தட்டினான். படியிறங்கும்போது ஹரிஹரன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார்: "கை எப்பலேர்ந்துண்ணே இப்படி இருக்கு? ரவிதான் சொன்னார்."

நான் அவனிடம் சண்டை போடவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. மன்னிப்பது என் பழக்கம். அந்தச் சால்வையை மடித்து பூஜை அறையில் வைத்துவிட்டு, அன்று முழுவதும் அவனுக்காக வேண்டிக்கொண்டேன்.

சஷ்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனே வந்தான். கையில் ரொட்டிப் பாத்திரம்.

"அண்ணே, பார்சல் மாட்டிக்கிச்சு. புயல்னு கப்பலயே கேன்சல் பண்ணிட்டாங்க. சூரனுக்கு இந்த வருஷமும் உங்க மூளதான்."

"என் மூள பழசாச்சே தம்பி."

"சாகப்போறவனுக்கு எதுக்குண்ணே புது மூள?"

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. சிரித்து முடித்ததும், என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அவனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"இருக்குண்ணே. ரொட்டில உப்பு கூட. நீங்களே சுதாகிட்ட சொல்லிடுங்க, நான் சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது."

ஒரு மனிதன் தவறு செய்தால் அதை அவனே சொல்லிவிட ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. நான் மூன்று கொடுத்தேன். இது முதலாவது.

போர்டைச் சுத்தமாகச் செய்தேன். இந்த இருபது வருடத்தில் அதுதான் அழகான போர்டு. ஒவ்வொரு ஈயப் புள்ளியும் முத்து மாதிரி இருந்தது, கை நடுங்கியும். கடைசியில் அந்த ரெசிஸ்டர் மட்டும் மிஞ்சியது. அதை விபூதித் தட்டில் வைத்துச் சாமி முன்னால் நின்றேன். ரவிக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இதுவரை அவனுக்குச் செய்துவந்த உதவிகளில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்வது. அது என் உரிமை என்று பட்டது. அவன் வாயைத் திறந்து, அண்ணே, சத்தியத்தை மீறிவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பத்து நிமிட வேலை. பற்றவைத்துக் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வாய்ப்பு சஷ்டியின் முதல் நாள். சன்னதியில் அவன் பக்கத்தில் நின்றேன். அதே இடம், அதே விபூதி. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டான். வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தாண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டான். அதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

சுதா முந்தாநாள் வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். மெயின்லேண்டிலிருந்து வந்த பார்சல், பிரிக்கவே இல்லை. தபால் முத்திரையைப் பார்த்தேன். சஷ்டிக்குப் பதினேழு நாள் முன்பே வந்திருக்கிறது.

"கப்பல் வரலன்னு கமிட்டில சொல்லிக்கலாம், சஷ்டி முடியட்டும்னாருண்ணே" என்று அழுதாள். "அன்னைக்கு மீட்டிங்ல, அண்ணனுக்குக் கை நடுங்குது, ஏணில ஏத்தாதீங்க, கீழ ஒரு சேர் போட்டு உக்கார வைங்கன்னுதான் இவரு சொன்னாராம். அவங்க போர்டையே மாத்திப்புட்டாங்க. வீட்டுக்கு வந்து அன்னைக்கு முச்சூடும் சாப்பிடல. அண்ணன் போர்டு இல்லாம சூரன் எப்படி ஆடுவான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் போன பிறகு உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன் சார். எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும், சன்னதியில் செய்த சத்தியத்தை மீறியது மீறியதுதான். அதற்கு மேல், சாமிக்கென்று வந்த பொருளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். கமிட்டியிடம் பொய் சொல்லியிருக்கிறான். என்னிடமும் கப்பல் வரவில்லை என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். நான் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே அவன் என்னை ஏமாற்றியிருக்கிறான்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

சஷ்டியின் ஐந்தாம் நாள், மதியம். கோயில் ஷெட்டில் நானும் அவனும் மட்டும். ஹரிஹரன் மாலை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். ஒத்திகைக்கு முன்னால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது விபத்து நடந்தது என்று நான் அன்று உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை, முழுதாகவும் இல்லை. கரண்ட் போனதும் மெயினை இறக்கி வைப்பது என் பழைய லைன்மேன் பழக்கம். அன்றும் இறக்கினேன். மூன்றே காலுக்குப் பக்கத்து வீட்டு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, டிவி பாடியது. எங்கள் ஷெட்டில் மட்டும் மெயின் கீழேதான் இருந்தது. நான் புதிதாகச் செய்த போர்டை நாங்கள் இன்னும் ஒருமுறைகூட விழிக்க வைக்கவில்லை. கை ஓங்கியபடி நின்றது. ரவி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் கீழே போனான்.

அந்த ரெசிஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது. இதோ, இந்த விபூதிப் பொட்டலத்துக்குள். உங்களுக்குச் சாட்சியாக வேண்டியிருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். போர்டையும் எடுத்துப் பாருங்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் வெறுமனே இருக்கும். சுத்தமாகத் துளைத்திருப்பேன். அது கோளாறு இல்லை சார். நான் செய்தபடிதான் அது நடந்துகொண்டது.

மெயின் மேல் கையை வைத்துக்கொண்டு மூன்றாவது வாய்ப்பையும் கொடுத்தேன்.

"தம்பி, ஏதாவது சொல்லணுமா?"

"சொல்றதுக்கு என்னண்ணே இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிருச்சு."

"கீழதான் இருக்கியா?"

"இருக்கேண்ணே. போடுங்க."

என் கை அன்று நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். முருகனின் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை. வைக்கோல் நிறைய இருந்தது. மெயினை உடனே இறக்கிவிட்டு, ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெறும் தரையில் கிடக்க விடக் கூடாதே என்று.

நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு, கணபதி மெயினைப் போட்டார் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் போடச் சொன்னான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். இருபது வருடத்தில் அவன் வாய்விட்டுக் கேட்ட எதையும் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.