கார்டு கனம்

— யாக்கூப் அண்ணாச்சி, எட்டு வால்வுல இன்னும் எத்தனை பாக்கி?

— நாலு. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுலே நல்லகண்ணு.

— காலைலயே வச்சு முடிச்சாச்சுன்னியளே.

— முடிச்சேன். ஸ்டார்ட் பண்ணுனா தடதடன்னு அடிக்கி. வால்வுக்கும் அதை அமுக்குத இரும்புக்கும் நடுவுல இடைவெளி கூடிப்போச்சு, கேட்டியா. இஞ்சின் ஆறுத வரைக்கும் காத்துக் கெடந்து மறுபடி வைக்கேன்.

— சத்தம் கேட்டா கேட்டுட்டுப் போகுது. மூடியைப் போடுங்க, கெளம்புதேன்.

— சத்தம் மட்டும்னா விட்டுருவேன். இடைவெளி கூடுனா வால்வு முழுசாத் தெறக்காது. புளியறை ஏத்தத்துல வண்டி மூச்சு முட்டி நின்னுரும்.

— அப்ப இறுக்கி வச்சிருங்க.

— இறுக்குனா வால்வு மூடாது, கருகிப் போகும். புனலூரு போய்ச் சேர மாட்ட. ரெண்டுக்கும் நடுவுல, இந்தா, இப்படி உரசி உரசி வரணும், கேட்டியா.

— ஆவுடைத்தாய்க்கு டாக்டரம்மா சொன்ன நாள் கழிஞ்சு ஆறு நாளாச்சு. மாமனார்ட்ட இருந்து ஒரு வரி இல்ல.

— செங்கோட்டையில ரயிலேறியிருந்தா இந்நேரம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்திருப்ப.

— ரயில்ல போயி? போன தடவை மாட்டுவண்டியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளதான் பிள்ளை போச்சு. இந்தத் தடவை கார் இல்லாம அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு இருந்தேன். மொதலாளி ஐயா சாரல் முடியுத வரைக்கும் குத்தாலம் பங்களாவுலதான் இருப்பாவ. நேத்து ராத்திரிதான் மனசு வச்சு, ரெண்டு நாள் வண்டியை எடுத்துக்கோன்னாவ.

— அஞ்சாவது முடிஞ்சுது. அந்த ஸ்பேனரை எடு.

— அது என்ன கையில? இடைவெளி அளக்குத கேஜ் இல்லியா?

— கேஜ் தகடு ஒடிஞ்சு ஒரு மாசமாச்சு. தபால் கார்டு கனம் இதுக்குச் சரியா இருக்கும். ஆத்திர அவசரத்துக்கு எல்லாரும் செய்யதுதான்.

— யாருக்கு வந்த கார்டு?

— எனக்கு எழுத்து வாசிக்க வராதுன்னு உனக்குத் தெரியாதா. பலகையில கெடந்துச்சு, எடுத்தேன்.

— இங்கன கொடுங்க. ...என் பேருலா போட்டிருக்கு. ‘நல்லகண்ணு, யாக்கூப் ஒர்க்‌ஷாப், தென்காசி.’ மாமனார் எழுத்து.

— யா அல்லா. நேத்து மத்தியானம் தபால்காரர் ஏதோ சொல்லி வச்சிட்டுப் போனாரு. லாரி இஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒண்ணும் காதுல விழல. என்னலே எழுதியிருக்கு, வாசி.

— பூரா எண்ணெய். ‘செவ்வாக்கிழமை ராத்திரி ஆவுடைத்தாய்க்கு...’ அதுக்கு மேல மை கரைஞ்சு போச்சு.

— வெளிய போய் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு.

— வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— என்ன தெரிஞ்சுது?

— போன தடவையும் இப்படித்தான் மொட்டையா வந்துச்சு. நல்ல சேதின்னா மாமனார் நாலு மூலையிலயும் மஞ்சளை அப்பித்தான் தபால்ல சேப்பாரு. இதுல ஒரு பொட்டு மஞ்சள் இல்ல அண்ணாச்சி.

— இருலே. தரையில உக்காராத, எந்திரி.

— இனி வால்வு வைக்க வேண்டாம். வேகமாப் போயி நான் யாரைப் பாக்க.

— ஏலே, கார்டை நல்லாப் பாரு. மூலையே இல்லாத கார்டுல மஞ்சளை எங்க தேடுத?

— என்ன சொல்லுதிய?

— காலைல இடைவெளி ஏன் கூடுச்சுன்னு நெனைக்க? மூலையில என்னமோ காஞ்சு அப்பிக் கெடந்துச்சு. என் கை கிரீஸுல அது என்ன நெறம்னு யாரு பாத்தா? கனமா இருக்கேன்னு நான்தான் நாலு மூலையையும் கத்திரிச்சுப் போட்டேன். அந்தா உன் காலடியிலதான் கெடக்கு, எடுத்து மோந்து பாரு.