ஆறு பூதங்களின் பட்டியலை எழுதியவன்

நடுவர் ஐயா, அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த கறுப்புச் சட்டையின் காலர் ஒரு பக்கம் சரியாக மடியவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என் மனைவி அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "அவ்வளவு பெரிய போட்டிக்கு நடுவரா நிக்கிறவரு. வீட்ல ஒருத்தராவது பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். இரண்டு வருடத் தடையை வாங்கிக்கொண்டு வருகிறவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்படித்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில் பதினாறு வருடமாக நின்றபடி இஸ்திரி போடுகிறவள். மனிதரைப் பார்ப்பதற்கு முன்னால் காலரைப் பார்ப்பாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். பூதச் சண்டை விளையாட்டின் பெரிய போட்டியில், கடைசி ஆட்டத்துக்கு முன்னால், பட்டியல் ஒத்துப்போகவில்லை என்று நாற்பது வயதுப் பெண் ஒருத்தியை வெளியே அனுப்பினீர்களே, அவள்தான் என் மனைவி. பட்டியலைத் தானே எழுதியதாக அவள் உங்களிடம் சொன்னாள். அது பொய். எழுதியது நான். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். எழுத்துக் கற்றது நாற்பத்து மூன்றாவது வயதில். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கே எல்லாம் நியாயமாகப் படும்.

பூதச் சண்டை ஆடுகிற அந்தக் கருவி என் மச்சான் கொடுத்தது. மனைவியின் தம்பி, கைபேசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மூலை உடைந்த கருவி. யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. "வச்சுக்கோக்கா, பொழுது போகும்" என்றான். பொழுது போனது, அடுப்பில் வைத்த பாலும் போனது.

முதல் மாதம் முழுக்க அவள் தோற்றாள். அடிக்கிற பூதமாகவே ஆறையும் பொறுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் நெருப்பைக் கக்கும், கொம்பால் முட்டும். இரண்டு அடி வாங்கினால் படுத்துவிடும்.

"என்னங்க, ஆறும் அடிக்கிற பூதம்தான். அப்பவும் தோக்குறேன்."

"ஆறும் அடிக்கிறதுனாலதான் தோக்குற" என்றேன்.

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. லாரி ஏற்றத் தெரியும். கனமானதையெல்லாம் பின்னால் போட்டால் முன்சக்கரம் தரையை மதிக்காது. கனம் அச்சுக்கு மேலே இருக்க வேண்டும், நசுங்குகிறது மேலடுக்கில், உருளுகிறது நடுவில், இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து. ஒரு மூட்டையின் குறையைப் பக்கத்து மூட்டை அடைக்க வேண்டும். இதைத்தான் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நான்கு பூதங்களுக்கு விடைகொடுத்தாள்.

அணியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கட்டினோம், ஐயா. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்க இடிக்கொம்பனும் சாம்பல்நரியும். எதிரியின் வேகத்தைக் குறைக்கக் கொசு. மழையைக் கூப்பிட்டு நெருப்பை அவிக்க மழைத்தவளை. மலைபோல நிற்கக் கல்லாமை. ஆறாவது, பானைவயிறன். பெயரெல்லாம் அவள் வைத்தது. பானைவயிறனுக்கு அடிக்கவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன்மேல் வருகிற அடியையெல்லாம் தன் பக்கம் இழுத்துத் தானே வாங்கிக்கொள்ளும்.

"இது நீங்க" என்றாள், அதன் வயிற்றைத் திரையில் தொட்டுக் காட்டி. எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக மூட்டை சுமக்கிறவனை வேறு எதற்கு ஒப்பிடுவது?

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மச்சான் கடைக்கு ஆட வருகிற கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாகத் தோற்றார்கள். இஸ்திரியக்கா என்று பெயர் வைத்தார்கள்.

"அக்கா, இது நியாயமே இல்லக்கா."

"நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போ. இங்க கொசுவைப் பாரு."

எனக்கு எழுத்து வந்ததும் இந்தப் பூதங்களால்தான். அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் ஒவ்வொரு பூதத்தின் பெயரையும் கரித்துண்டால் எழுதுவாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டுவாள். நாள் முழுக்க நிற்கிறவள் உட்காருவது அந்த அரை மணி நேரம்தான், என் பக்கத்தில். எட்டே மாதத்தில் எனக்கு நன்றாக வாசிக்க வந்துவிட்டது. கிடங்கில் ஒட்டுகிற அறிவிப்பு, பஸ்ஸின் பலகை, மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதியதைத் தவிர மற்ற எல்லாம்.

அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். பத்து வார்த்தைக்கு ஒன்றைத் தப்பாகப் படித்தேன். "அட, நேத்துதானே சொன்னேன்" என்று தலையில் தட்டுவாள். யாருக்கும் இதில் நஷ்டமில்லை. அவளும் உட்கார்ந்தாள்.

போட்டிக்கு ஒரு வருடம் முன்னால் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள். வேறு ஊரில் பயிற்சி அணி ஒன்று நடத்துகிறார்கள், வந்து சேரச் சொல்லி அழைத்திருந்தார்கள். வாசலில் நான்தான் வாங்கினேன். இரண்டு தடவை படித்தேன். மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதைக் கிழிக்கவில்லை, ஐயா. கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றவனுக்கு எழுத்தைக் கிழிக்க மனம் வராது. தூரதேசம் போகிற லாரியில் அடிவரிசை மூட்டைக்குக் கீழே வைத்து அனுப்பினேன். இப்போது எங்கேயோ பத்திரமாக இருக்கும். கடிதம் எதுவும் வந்ததா என்று அவள் அந்த வாரம் கேட்டாள். "ஏதோ தாள் வந்துச்சு, விளம்பரம்னு நெனச்சேன்" என்றேன். சரியாக வாசிக்கத் தெரியாதவனை எப்படிக் கோபிப்பது? கோபிக்கவில்லை. அன்றைக்கு அரை மணி நேரத்துக்குப் பதிலாக முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு பெரிய போட்டி வந்தது. முதலிடம் வருகிறவருக்கு அதே அணியில் ஒரு வருட வேலை, தங்க அறை, மாதச் சம்பளம். "உக்காந்து பார்க்கிற வேலைங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கும். அந்தக் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்களும் வாங்க. அங்கயும் மூட்டை இருக்கும், தூக்க ஆள் வேணும்ல?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். அணியில் ஆறு பேருக்குத்தான் இடம். அங்கே அவள் இருப்பாள், அவள் பூதங்கள் இருக்கும், கூட ஆடுகிறவர்கள் இருப்பார்கள். நான் ஏழாவது. ஒழுங்காக ஏற்றின லாரியில் ஒரு மூட்டையை உருவினால் மற்றதெல்லாம் சரியும். பிரித்தால் இரண்டு பேருக்கும் கெடுதல் என்று தெரிந்தவன் பேசாமல் இருப்பது சரியா, ஐயா?

உங்கள் விதி நல்ல விதி. ஒவ்வொரு பூதத்துக்கும் அது வைத்திருக்கிற கைப்பொருள் என்ன, அதன் நான்கு வித்தை என்ன என்று கையால் எழுதி முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கருவியில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். அந்தத் தாளை என்னை எழுதச் சொன்னாள். அதற்கு முந்தைய சின்னப் போட்டிக்கும் நான்தான் எழுதினேன், பிழையில்லாமல். அதை மச்சான் கடையில் எல்லோருக்கும் காட்டினாள். "பாரு, உங்க மாமா எழுத்தைப் பாரு. உன் எழுத்து மாதிரி கோழி கிளறின எழுத்தா?" மச்சான் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய போட்டிக்கும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பானைவயிறன் கையில் பழுப்பு மருந்து. சாம்பல்நரி கையில் வேகச் செருப்பு. நான் பானைவயிறனுக்கு வேகச் செருப்பும் சாம்பல்நரிக்குப் பழுப்பு மருந்தும் எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன். என் கையெழுத்தில் அதுபோல அழகாக வந்த தாள் அதற்கு முன்னால் இல்லை. லாரியில் ஒரே ஒரு கயிற்றைத் தளர்த்துவது எப்படி என்று ஏற்றினவனுக்குத்தான் தெரியும்.

அவள் திருப்பிப் படித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று அவள் ஐந்து பேரை வென்றாள். நான் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், மனதாரத்தான் தட்டினேன். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் தாளைச் சரிபார்த்தீர்கள். "கைப்பொருள் ரெண்டு மாறியிருக்கும்மா. நடுவுல மாத்தினீங்களா?" என்று கேட்டீர்கள். பிறகு, நீங்கள் நல்ல மனிதர், குரலைத் தணித்து, "இதை வேற யாராச்சும் எழுதிக் கொடுத்தாங்களா? அப்படின்னா கைத்தவறுன்னு எடுத்துக்கலாம். ஆட்டம் போகும், தடை வராது" என்றீர்கள்.

நான் தயாராக இருந்தேன். ஆட்டம் மட்டும் போனால் போதும் என்பதுதான் என் திட்டம். வாயைக் கொஞ்சம் திறந்து, ஒன்றும் விளங்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உங்களிடம், "நான்தான் எழுதினேன்" என்றாள்.

வீட்டில் மச்சான் குதித்தான். "அக்கா, உனக்குப் பைத்தியமா? மாமா எழுதினதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க."

"நூறு பேர் நடுவுல உங்க மாமாவை எழுதத் தெரியாதவர்னு நிக்கவைக்கச் சொல்றியா?"

"ரெண்டு வருஷம்க்கா."

"போகுது போ. ரெண்டு வருஷத்துல அவரு இன்னும் நல்லா எழுதிடுவாரு."

அவர்கள் பேசியதை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். எனக்கு ஒன்று தெளிவாகியது: அவளுக்கும் போக மனமில்லை. இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா? என்மேல் பழியைப் போட்டிருக்கலாமே. பானைவயிறன் என்று என்னைச் சொன்னது சும்மாவா? எங்கள் வீட்டில் எல்லா அடியையும் தாங்குகிறவன் நான்தான்.

இந்த இரண்டு வருடமும் சந்தோஷமாகப் போயிற்று. சாயங்காலம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் பத்துக்கு ஒன்று தப்பாகப் படித்தேன். தட்டுவது மட்டும் நின்றுவிட்டது. பிழை விட்டால் திருத்திவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறாள். காலுக்கு இறுக்கமான காலுறை போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி நலம். யாருடைய காலரையும் இப்போது அவள் பார்ப்பதில்லை, அதனால் பஸ் பயணமும் அமைதியாக இருக்கிறது.

போன வாரம் தடை முடிந்தது. வருகிற ஞாயிறு மறுபடி பெரிய போட்டி, அதே பரிசு. மழைத்தவளையை எடுத்துவிட்டுப் பனிக்கோட்டான் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். இவ்வளவு சமன்பட்ட அணியை நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயாது. அந்த ஊரில் கிடங்கு இருக்கிறதாம். ஆள் எடுப்பார்களா என்று எனக்காகக் கேட்டும் வைத்திருக்கிறாள். பட்டியல் தாளை என் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை நான் ஒரு பார்வை பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, வேண்டாம். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று என் தோளைத் தட்டிவிட்டு இஸ்திரி போடப் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டினாள்.

உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். பானைவயிறன் வரியில் இந்த முறை ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் நீங்கள் முதலில் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பனிக்கோட்டான் வரிக்குக் கடைசியில்தான் வருவீர்கள்.

குற்றம் முழுக்க என்னுடையது, அவளுடையது இல்லை என்று இதனால் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் தபாலில் சேர்த்துவிடுவேன். முன்னாடியே சேர்த்தால் பட்டியலை வேறு யாராவது எழுதும்படி ஆகிவிடும், ஐயா. இவ்வளவு அழகாக அவர்களுக்கு எழுத வராது.