ஐந்தாம் மலையின் பெண் கங்காணி

பெயர்: முத்துசாமி வடிவம்மா. வயது: 49. தொழில்: முன்னர் கொழுந்துக் கங்காணி, இப்போது வேலை இல்லை. விலாசம்: கீழ்ப்பிரிவு லயம், வெள்ளைமலைத் தோட்டம், வத்தேகம. தமிழில் சொல்லப்பட்டது, தமிழிலேயே பதியப்படுகிறது. பதிபவர்: பொலிஸ் சார்ஜன் ருஷ்தி.

என் அடுத்த வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன், செத்த வீட்டில் வைத்து நான் அவருடைய மகள் சர்மிளாவைத் தள்ளி மணிக்கட்டை முறித்துவிட்டதாகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது: தள்ளவில்லை, இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சார்ஜன் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார், எனக்குச் சுருக்கமாகப் பேசிப் பழக்கமில்லை.

சர்மிளா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படித்து முன்னேறிய பிள்ளை. கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்துகொண்டே வணிக நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டப் படிப்பும் படித்தாள். படிப்பு முடிய ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், நம்முடைய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏன் குறைகிறது என்று எழுதப் போவதாகவும் போன தைப்பொங்கலுக்குப் பின்னர் என்னிடம் வந்து சொன்னாள். கம்பனி அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. முடிந்ததும் தங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது. எனக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் பேச்சைப் பதிய போனை நடுவில் வைத்துவிட்டு, "பயப்படாம சொல்லுங்க அத்தை. யாரு பேரையும் எழுத மாட்டேன், அதுதான் எங்க படிப்புல சட்டம்" என்றாள்.

அதன்பின் நான் உள்ளதைச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் ஐந்தாம் மலையின் மேற்பக்கத்து மரத்தில் பெரிய குளவிக்கூடு இருக்கிறது. தோட்டத்து மேனேஜர் துரையிடம் தனியாகச் சொன்னேன், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பார்ப்போம் பார்ப்போம் என்றே காலம் போனது. பார்த்துக்கொண்டே இருந்தால் குளவி காசிக்கா போகும்? ஆகவே காற்று அடித்துக் கூடு கலையக்கூடிய நாட்களில் அங்கே போட்ட பெண்களைப் பக்கத்து மலையில் இறக்கிவிட்டு, ஐந்தாம் மலையில் கொழுந்து இன்னும் வரவில்லை என்று ஒப்பீசில் பொய் சொல்லி வந்தேன். இதைச் சர்மிளாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

சில மாதங்களுக்குப் பின்னர் துரை என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் சர்மிளாவின் ஆய்வு தடித்த அட்டை போட்டு இருந்தது. எனக்கு இங்கிலிஷ் தெரியாது, கிளாக்கர்தான் சொன்னார்: "உங்க பேரு இதுல எங்கயும் இல்ல வடிவம்மா. கொழுந்து வரலன்னு பொய் சொன்னது பெண் கங்காணி, இருபது வருசத்துக்கு மேல சேவைன்னு இருக்கு. இந்தத் தோட்டத்துல பொம்பளக் கங்காணி வேற யாரு இருக்கா?" குளவியைப் பற்றி எழுதவில்லையா என்று நான் கேட்டேன். எழுதியிருக்கிறது, அது பின்பக்கத்தில் இருக்கிறது என்றார். துரை அவ்வளவு தூரம் புரட்டவில்லை. அன்றோடு என் வேலை போனது.

அதன்பின் வேறு பிரிவிலிருந்து கணேஸ் என்பவரைக் கங்காணியாகப் போட்டார்கள். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது, நானும் வீம்பில் போய்ச் சொல்லவில்லை. நல்ல காற்று அடித்த ஒரு நாள் ஐந்தாம் மலைக்கு ஆள் போனது. என் தம்பியின் மனைவி ஜெயராணியும் போனாள். குளவி கலைந்து கொட்டியதில் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், அவளுக்கு முழங்கால் வருத்தம், ஓட முடியவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போனது.

அடக்கம் செய்யும் நாளில், பெட்டியை எடுக்கப் போகும் நேரத்தில் சர்மிளா வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அத்தை, நான் பேரை எழுதவே இல்லை. ஆணா பொண்ணா, என்ன வேலை, எத்தனை வருச சேவைன்னு கட்டாயம் போடணும்னு ஆய்வுக்குப் பொறுப்பான சேர் சொன்னாரு. அத மட்டுந்தான் போட்டேன்" என்றாள். ஜெயராணியின் முகம் வீங்கி அவள் முகமாகவே இல்லை. அவளுடைய சின்ன மகள் அது அம்மா இல்லை என்று சொல்லிப் பெட்டிக்குக் கிட்ட வர மறுத்து நின்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வாடி, வந்து மூஞ்சியப் பாரு. பாத்துட்டு இதையும் எழுது" என்று சர்மிளாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இடையில் உட்காரப் போட்டிருந்த கதிரையில் கால் இடறிச் சிமெந்துத் தரையில் கையை ஊன்றி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே ஜெயராணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை முறிந்தது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். முறிந்ததற்கு வருந்துகிறேன், இழுத்ததற்கு வருந்தவில்லை. சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்கப்பட்டது. அது அந்தப் பிள்ளையின் விருப்பம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குளவிக்கூடு அதே மரத்தில்தான் இருக்கிறது. இன்று காலையும் ஐந்தாம் மலைக்கு ஆள் பிரித்ததாக நான் பஸ் ஏறும்போது சொன்னார்கள். என்னை உள்ளே வைப்பதானால் வையுங்கள், தோட்டத்துக்கு ஒரு போன் எடுத்து அந்தப் பெண்களை இறக்கச் சொல்லுங்கள் என்று சார்ஜனைக் கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அது இந்த முறைப்பாட்டுல வராதும்மா" என்றார். அதையும் இதில் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒப்பம்: மு. வடிவம்மா