உப்புக் கிடங்கில் எண்பத்தெட்டாம் சங்கீதம்

தகரக் கூரை கிழிகிறது. பல் கூசும் சத்தம். "தலைய தூக்காத சார்" என்று ஜெபராஜ் கத்துகிறான். தூக்கவில்லை. என் முகம் மாட்டுத்தோல் மேல் கிடக்கிறது. உப்பும் பழைய ரத்தமும் உதட்டில் ஒட்டுகின்றன. துப்ப எச்சில் இல்லை.

2023, ஏப்ரல் 17. திங்கட்கிழமை. சூடானின் தலைநகர் கார்ட்டூம். ஒரு தோல் தொழிற்சாலையின் பச்சைத்தோல் கிடங்கு. வெளியே அந்த நாட்டின் இரண்டு படைகள் ஒன்றையொன்று சுடுகின்றன. சனிக்கிழமை காலை தொடங்கியது. வாசல் காவலாளி உஸ்மான் அன்றே விழுந்தார். இன்னும் வாசலில்தான் கிடக்கிறார். நாய்கள் வருகின்றன.

உள்ளே நாங்கள் மூன்று பேர். நான் ஆம்பூர். ஏற்றுமதித் தோலைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தரத் தணிக்கைக்கு வந்தேன். ரபீக் பாய் மேல்விஷாரம். இங்கே மேலாளர். ஜெபராஜ் மாதனூர். மெஷின் மெக்கானிக். அவன் மனைவி கலா ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறுகிறவள்.

கிடங்கைத் தேர்ந்தெடுத்தது நான். ஆள் உயரம் அடுக்கிய உப்புத்தோலைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது. சரியாகத்தான் சொன்னேன். மின்சாரம் போனால் டிரம்களில் ஊறும் தோல் அழுகும் என்றும் சொன்னேன். அதுவும் சரியாகவே நடந்தது. புழு வந்தது. சட்டைக்குள் ஏறியது. தோல் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வாந்தி எடுத்தேன்.

திங்கள் மாலை ஜெபராஜ் மாடித் தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போனான். பாதி வாளியோடு தவழ்ந்து வந்தான். தொடையில் இரும்புத் துண்டு. ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை. ரபீக் பாய்க்கு நோன்பு. "பகல்ல எனக்கு வேணாம் சார், அந்தப் பங்க அவனுக்கு ஊத்துங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை கால் வீங்கியது. நிறம் மாறியது. அந்த நிறமும் நாற்றமும் எனக்குத் தெரிந்தவை. டிரம்மில் இருந்ததும் அதுதான்.

"ஜெபம் பண்ணுங்க சார்" என்றான்.

எனக்கு முறை தெரியும். சபைக் கமிட்டியில் இருபது வருடம் செயலாளர். முதலில் ஸ்தோத்திரம். பிறகு பாவ அறிக்கை. பிறகு நன்றி. கடைசியில் விண்ணப்பம். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று தொடங்கினேன்.

"அவர் பெரியவர்னு அவருக்குத் தெரியாதா? என் காலப் பத்தி சொல்லு சார்."

பர்சில் புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை இருந்தது, ஆண்டவரின் வாக்கு என்று ஆளுக்கொரு வசனம். பைபிளில் தொண்ணூற்றொன்றாம் சங்கீதம். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்று பொருள். வாசித்தேன்.

"அந்த ஆயிரம் பேருக்கு எந்த அட்ட சார் குடுத்தாங்க?"

அட்டையைக் கீழே வைத்தேன். என் கைப்பையில் சங்கீதப் புத்தகம் இருந்தது. எண்பத்தெட்டைத் திருப்பினேன். எங்கள் சபையில் யாரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை. குழியில் தள்ளினீர். நண்பர்களைத் தூரமாக்கினீர். கூப்பிடுகிறேன், முகத்தை மறைக்கிறீர். கடைசி வரை அதுதான். இருட்டில் முடிகிறது.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"கடைசில ஸ்தோத்திரம் இல்லியா?"

"இல்லை."

"அப்பவும் பைபிள்ல சேத்துக்கினாங்களா?" சிரித்தான். "குழின்றான் பாரு. தோல் ஊறப் போடற நம்ம சுண்ணாம்புக் குழில வுழுந்தவன் போல."

ரபீக் பாயும் சிரித்துவிட்டார். "சத்தம் கம்மி பண்ணுப்பா. வெளிய கேக்கும்."

பிறகு ஜெபராஜ் தானே ஜெபித்தான். "இன்னா இயேசப்பா, கீறியா? வலி தாங்க முடில. கலாவுக்கு நீயே போய் சொல்லு. என்னால ஆவாது."

ஆமென் சொல்லவில்லை. தூங்கினான்.

புதன் நண்பகல். சுவருக்கு வெளியே பூட்ஸ் சத்தம். ஜெபராஜ் முனகுகிறான். அவனுக்கு நினைவு இல்லை. பாய் அவன் வாயைத் துணியால் மூடுகிறார். நான் வேண்டுகிறேன். முறை எதுவும் இல்லை. இவன் சத்தம் நிற்கட்டும், எப்படி நின்றாலும் சரி.

நின்றது. பூட்ஸ் தாண்டிப் போனது. பாய் துணியை எடுத்தபோது ஜெபராஜுக்கு மூச்சு இல்லை.

ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சொன்னால் கைதட்டுவார்கள். என்ன கேட்டீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முற்றத்தில் குழி வெட்ட முடியவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அனல் வெயில். நாங்கள் இருவரும் தோல்காரர்கள். அந்த வெயிலில் உடல் என்ன ஆகும் என்று தெரியும். பாய் மண்வெட்டியை எடுத்தார். நான் சாக்கைப் பிரித்தேன். தோலுக்குப் போடும் அதே உப்பு. அதைத்தான் ஜெபராஜ் மேல் போட்டோம்.

வெள்ளிக்கிழமை ரம்ஜான் பெருநாள். துப்பாக்கி கொஞ்சம் ஓய்ந்தது. தோண்டினோம். "புதுச் சட்ட போடற நாள் சார்" என்றார் பாய். உஸ்மானில் மிச்சமிருந்ததற்கும் பக்கத்திலேயே குழி. பாய் தன் வழக்கப்படி துவா செய்தார். அடக்க ஆராதனை எனக்கு மனப்பாடம். வரவில்லை. நாம் மண் என்று ஆண்டவருக்கு நினைவிருப்பதாக ஒரு சங்கீதம் சொல்கிறது. அதை மட்டும் சொன்னேன். ஜெபராஜுக்காகச் சொல்லவில்லை. எனக்காக.

பிறகு மீட்பு பஸ். கப்பல். விமானம். அதை டிவியில் காட்டிவிட்டார்கள்.

ஆம்பூரில் சபை ஆண்டு மலருக்கு, ஆண்டவர் காப்பாற்றியதைச் சாட்சியாக எழுதக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். உப்பை வெட்டினார்கள். புழுவை வெட்டினார்கள். ஜெபராஜின் ஜெபத்தை வெட்டினார்கள். ஆண்டவரை "கீறியா" என்று கேட்பது மரியாதையாக இல்லையாம். மனதைப் புண்படுத்தும் பகுதிகள் நீக்கப்படும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். கடைசியில் நான் எழுதாத ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்திருந்தார்கள்.

மலர் வெளியிட்ட ஞாயிறு சாட்சி நேரத்தில் கலா எழுந்தாள். எல்லாம் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். உப்பையும். என் வேண்டுதலையும். அன்று அவள் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"சார் திரும்பி வந்ததுக்கு ஸ்தோத்திரம் சொல்றீங்க. சொல்லுங்க. எனக்கு வர்ல. ஆண்டவர் மேல கோவமா கீறேன். வேற எங்க போய் சொல்றது? அதான் இங்க வந்தேன்."

உட்கார்ந்தாள். யாரோ அவசரமாகக் கீபோர்டில் துதிப் பாட்டை ஆரம்பித்தார்கள். சத்தம் ஜாஸ்தி வைத்தார்கள். கிடங்கின் நாற்றமே தேவலை.

எண்பத்தெட்டு இன்னும் இருட்டில்தான் முடிகிறது. ஆண்டவர் அதைத் தன் புத்தகத்தில் அப்படியே விட்டிருக்கிறார். அவருக்கு இருந்த இரக்கம் எங்கள் கமிட்டிக்கு இல்லை.

இழந்த கணக்கு. ஜெபராஜ், மாதனூர். உஸ்மான், ஊர் தெரியாது, கேட்டு வைக்கவில்லை. ரபீக் பாயின் வலது காதில் கேட்கும் சக்தி, கூரை கிழிந்த அன்றே போனது. ஒரு வாக்குத்தத்த அட்டை, கிடங்கிலேயே விட்டேன், தேடவில்லை. மலரில் வெட்டப்பட்டது, ஒரு மனிதனின் கடைசி ஜெபம், நான்கு வாக்கியம். மேலே முழுதாக இருக்கிறது.