ஏன் டீச்சருக்கு ஒரு பிழைதிருத்தம்

முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்து, முதன்முதலாக வந்த தேசியத் தகுதிச் சான்றிதழை எங்கள் முதுகில் ஏற்றாமல் மூளையில் ஏற்றி, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அவர்களுக்கு, இப்பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும், ஆய்வக உதவியாளரும் வாயிற்காவலரும் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

பண்பின் பெட்டகமே! பாடத்திட்டத்தின் பாதுகாவலரே! படிவம் எத்தனை பக்கம் வந்தாலும் பதறாத பெருந்தகையே!

உங்களைக் கருணைக் கடல் என்று இம்மடலில் அழைக்கவில்லை. இப்பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது தமிழாசிரியனாகிய நான்தான். இதுவரை பதினேழு மடல்கள் எழுதியிருக்கிறேன். பதினேழிலும் அந்தக் கடல் வந்திருக்கிறது என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணிச் சொன்னவர் நீங்கள். எழுத்தருக்கு எழுதிய மடலும் இயற்பியல் ஆசிரியருக்கு எழுதிய மடலும் ஆள்மாறிச் சட்டமிடப்பட்டு, இருவருமே ஓராண்டுக் காலம் அதைக் கவனிக்கவில்லை என்ற செய்தியையும் நீங்களே அவையேற்றினீர்கள். “என்னக் கடல்னு எழுதாதீங்க சார். என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு எழுதுங்க, போதும்” என்று போன மாதமே எச்சரித்தும் வைத்தீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

இம்மடலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் பணிப்பதிவேட்டில் ஏழு ஆண்டுகளாக ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. “செயல்தாள் தயாரிப்பில் கவனக்குறைவு” என்பது அந்த வரி. மாசு மருவற்ற முப்பத்தோராண்டுப் பதிவேட்டில் கறையாக இருப்பது அது ஒன்றுதான். அது யாருடைய கவனக்குறைவு என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் உங்களை வழியனுப்பினால், பூமாலையும் பொன்னாடையும் பொய்யாகிவிடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அறிவின் ஊற்றே! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் புதிய சான்றிதழ் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறோம். அதுவரை ஆண்டு முடிவில் மூன்று மணி நேரத் தேர்வு ஒன்று; மனப்பாடம் செய்தவன் மாலை சூடினான், மறந்தவன் மறுவருடம் வந்தான். இனிமேல் பாதி மதிப்பெண் பிள்ளைகள் ஆண்டு முழுதும் செய்யும் வேலைக்கு; அந்த வேலையை மதிப்பிடுவது நாங்கள்; நாங்கள் மதிப்பிட்டதைச் சோதிப்பது தேர்வு வாரியத்தின் சரிபார்ப்பாளர் என்று நூற்று நாற்பது பக்கச் சுற்றறிக்கை சொன்னது. கட்டம் கட்டமாகப் போட்ட படிவத்தை நிரப்பத்தான் கணக்குப் படித்தேனா என்று கணக்காசிரியர் பொருமினார். நடப்பது நடக்கட்டும், நமக்கென்ன வந்தது என்று வேதியியல் ஆசிரியை கைவிரித்தார். பழைய முறைக்கு என்ன கேடு வந்தது என்று நான் ஒரு வெண்பாவே பாடினேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் நடத்திய நீங்கள் அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் ஆனீர்கள். சுருட்டிவைத்த வரைபடங்கள் தூசி தின்றுகொண்டிருந்த மூலை அறையைக் காலி செய்து, ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டீர்கள். உரையாற்றவில்லை; உபதேசிக்கவில்லை. பிள்ளைகளுக்கான மாதிரித் தேர்வை எங்களையே எழுத வைத்தீர்கள்! மணி அடித்ததும் தொடங்கி மணி அடித்ததும் நிறுத்த வேண்டும் என்றீர்கள். உடற்கல்வி ஆசிரியர் முதலிடம் பெற்றார். “குறிப்பிடுக” என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு நான் இரண்டரைப் பக்கம் எழுதி, மூன்றாம் வினாவை எட்டுமுன் மணி அடித்துவிட்டது. அந்த ஒரு மதிப்பெண்ணைப் பெருந்தன்மையோடு கொடுத்து, மற்றவற்றுக்குச் சுழியம் போட்டீர்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு அந்த நான்கு சொற்களையும் கற்பித்தீர்கள். குறிப்பிடுக என்றால் பெயரைச் சொல். விவரிக்க என்றால் என்ன நடந்தது என்று சொல். விளக்குக என்றால் ஏன் நடந்தது என்று சொல். மதிப்பிடுக என்றால் காரணம் காட்டித் தீர்ப்புச் சொல். இந்த நான்கும் இலக்கணமல்ல, அளவுகோல். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பிள்ளையின் மதிப்பெண் போய்விடும் என்றீர்கள். அதன்பின் வாய் திறந்தவர் எவராயினும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி “ஏன்?” என்பதுதான். விளையாட்டு விழாவில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்த சிறுமியிடமும் மருந்து போடுமுன் அதையே கேட்டீர்கள். பிள்ளைகள் உங்களுக்கு ‘ஏன் டீச்சர்’ என்று பட்டம் சூட்டியதில் வியப்பில்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான உங்கள் கணவர், இனிமேல் நாள் முழுதும் அந்தக் கேள்வி தனக்குத்தான் என்று சற்றுமுன் எங்களிடம் கலங்கினார்.

புதன்கிழமைப் பிற்பகல்களைத் தந்தவரே! ஒருவர் வகுப்புப் பிள்ளைகளின் வேலைத் தொகுப்புகளை இன்னொருவர் பெயர் மறைத்துத் திருத்துவது என்ற வழக்கத்தை அந்த மூலை அறையில்தான் தொடங்கி வைத்தீர்கள். அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைவது போல முதலில் எல்லோருக்கும் கூச்சம். அரை மதிப்பெண்ணுக்காகக் கணக்காசிரியரும் நானும் மூன்று வாரம் பேசவில்லை. இருவருக்கும் தேநீரை ஒரே தட்டில் வைத்து அனுப்பி, யார் முதலில் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெல்ல மெல்லக் கூச்சம் போய், என் தாளைக் கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்பது எங்களுக்கு இயல்பாகிவிட்டது.

அப்படித்தான், முதல் அணி சான்றிதழ் பெறவிருந்த ஆண்டில், அறிவியல் அலகுக்கான செயல்தாளை ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தீர்கள். மூன்று நீர்மாதிரிகளைப் பிள்ளைகள் ஆறு வாரம் சோதித்து எழுத வேண்டிய தாள் அது. கணினியில் திறந்தேன். இரண்டு இடத்தில் ஒற்று மிகவில்லை, சேர்த்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தடுத்து நான்கு வரிகளிலும் “விளக்குக”, “விளக்குக” என்று வந்தது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகள் தலையில் குட்டியவன் நான். கை சும்மா இருக்குமா? ஒன்றை “விவரிக்க” ஆக்கினேன், ஒன்றை “எடுத்துரைக்க” ஆக்கினேன், ஒன்றை “எழுதுக” ஆக்கினேன். தாள் அழகாகிவிட்டது என்று மகிழ்ந்து திருப்பி அனுப்பினேன். மாற்றியதை உங்களிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒற்றுத்தானே பார்த்திருப்பார் என்று நம்பி நீங்கள் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினீர்கள்.

ஆறு வாரம் கழித்துச் சரிபார்ப்பாளர் வந்தார். மூன்றாவது தொகுப்பைத் திறந்தவர், மிச்சத்தையும் விறுவிறுவென்று புரட்டி மூடி வைத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நிறம் மாறியதை, வாடை வந்ததை, கசடு படிந்ததை அருமையாக எழுதியிருக்கிறார்கள். நான்கில் மூன்று வினாக்களுக்கு ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை. இந்த அலகில் யாரையும் தேர்ச்சியாக்க முடியாது என்றார். அந்த அலகு இல்லையேல் அந்த ஆண்டு சான்றிதழே இல்லை. பழைய தேர்வில் இருமுறை தவறி, மூன்றாவதாகப் புதிய முறையில் சேர்ந்திருந்த சலவைக்கடைக்காரர் மகளும் அந்த முப்பத்தெட்டில் ஒருவர். செவிலியர் பயிற்சியில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சான்றிதழ் வராவிட்டால் அந்த இடமும் போய்விடும், அவரை மறுபடி பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

தொகுப்புகளில் விடைகள் மட்டுமே இருந்தன. செயல்தாள் அலுவலகக் கோப்பில் இருந்தது. அதை மறுநாள் காலை பத்து மணிக்குள் தரவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சரிபார்ப்பாளர் போனார். அப்போதைய தலைமையாசிரியரின் அறையில் நாம் நான்கு பேர் உட்கார்ந்தோம்: அவர், நீங்கள், அறிவியல் ஆசிரியர், நான். கோப்பைப் பிரித்ததும் பிழை வெளிப்பட்டது. விதி எளிமையானது. பிழை பிள்ளைகளுடையது என்றால் அவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பிழை தாளில் என்றால் அலகை மறுபடி செய்யப் பத்து வேலை நாள் கிடைக்கும்; ஆனால் கையெழுத்திட்டவரின் பதிவேட்டில் குறிப்பு ஏறும், வாரியத்தின் சரிபார்ப்பாளர் குழுவில் அவர் சேர முடியாது. அந்தக் குழுவுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்த கடிதம் அப்போதுதான் அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டு, எல்லோரும் கைகுலுக்கி முடித்திருந்தோம்.

தலைமையாசிரியர் கெட்டவரல்லர், பள்ளியின் பெயருக்குப் பயந்தவர். ஒரு சொல்தானே, சரியான தாளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு, பிள்ளைகள் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்று எழுதிவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“புள்ளைங்க தாள்ல என்ன கேட்டிருந்துச்சோ அதத்தான் எழுதியிருக்காங்க. தப்பு தாள்ல இருக்கு. தாள் என் கையெழுத்தோட போயிருக்கு.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். வாரியத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அங்கேயே, கையாலேயே எழுதிக் கொடுத்தீர்கள். அலமாரியோரம் உட்கார்ந்திருந்த நான் அதிலிருந்த கோப்புகளின் தலைப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாள் இப்பள்ளி கண்ட உழைப்பை என்னென்பது! ஆய்வக உதவியாளர் விடியும் முன்பே போய் மூன்று இடத்துத் தண்ணீரையும் மறுபடி பிடித்து வந்தார். வாயிற்காவலர் மாலை ஏழு வரை வாயிலைத் திறந்து வைத்தார். கணக்காசிரியர் வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தார். நீங்கள் மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் உங்கள் கேள்வியைக் கேட்டீர்கள். முப்பத்தாறு பேர் அந்த ஆண்டே தேறினார்கள், இருவர் அடுத்த பருவத்தில் தேறினார்கள். சலவைக்கடைக்காரர் மகள் பயிற்சியில் சேர்ந்தார். இன்று அரசு மருத்துவமனைச் செவிலியராக முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

முடிவுகள் வந்த மறுநாள் நான் மூலை அறைக்கு வந்தேன். உட்காரும் முன்பே நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.

“ஒரே சொல் நாலு தடவ வந்தா உங்க காதுக்கு ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாதா சார்? நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. இத வெளியில சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நாளைக்கு ஒருத்தர் தாள இன்னொருத்தர்கிட்ட யாரும் காட்ட மாட்டாங்க. புதன்கிழம செத்துரும்.”

தாயே! உங்கள் பேர் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் புதன்கிழமையைப் பற்றித்தான் கவலை. நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக நான் வாய்மூடி இருந்தது ஓராண்டு. மிச்சம் ஆறாண்டும் என் வசதிக்காக. அந்த ஆறாண்டில் இரண்டு முறை குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு முறையும் உங்கள் விண்ணப்பம் அந்த ஒரு வரியால் திரும்பி வந்தது. அதை நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இம்மடலை எழுதும்படி எனக்குப் பணி வந்தபோது பேனா ஓடவில்லை. மூன்று வாரம் முன்பு, நீங்கள் விடுப்பில் இருந்த புதன்கிழமை, எல்லோர் முன்னும் நடந்ததைச் சொன்னேன். கணக்காசிரியர்தான் முதலில் பேசினார். என்ன நடந்ததென்று சொல்லிவிட்டீர்கள், ஏன் இத்தனை ஆண்டு சொல்லவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை.

அன்றே நாற்பத்தொரு பேரும் கையொப்பமிட்டு வாரியத்துக்கு எழுதினோம். நேற்றுப் பதில் வந்தது. பதிவேட்டில் ஏறிய வரியை அழிக்க விதியில்லையாம். ஆனால் அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கலாமாம். இன்று காலை தலைமையாசிரியை தம் கையாலேயே சேர்த்தார்: “மேற்படி செயல்தாளில் சொற்களை மாற்றியவர் தமிழாசிரியர். அம்மையார் மாணவர் நலன் கருதிப் பொறுப்பேற்றார்.” அதன் முதல் வாக்கியத்தை என் பதிவேட்டிலும் எழுதச் சொன்னேன், எழுதினார். ஓய்வுக்கு எனக்கு இன்னும் நான்காண்டு இருக்கிறது. அந்த வரியோடு போகிறேன், நிம்மதியாகப் போகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டதை மீறியதற்கு என்மீது கோபம் வரும், வரட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லி முடித்த அன்று, எல்லோரும் எழுந்து போனபின், வேதியியல் ஆசிரியை திரும்பி வந்தார். அடுத்த பருவத்துக்கான தம் செயல்தாளை என் முன்னால் வைத்து, “ஒத்து மட்டும் பாருங்க சார். சொல்ல மாத்தணும்னா என்னக் கூப்பிடுங்க, சேந்து பாப்போம்” என்றார். அம்மையீர், புதன்கிழமை சாகவில்லை.

உடல் நோயின்றி, உள்ளம் நோவின்றி, உங்கள் துணைவரோடும் மக்களோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ்க! உங்களால் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளும் அவர்கள் பெறும் பிள்ளைகளும் வாழ்க! உங்கள் கேள்வி இப்பள்ளியில் என்றென்றும் வாழ்க!

இங்ஙனம்,
உண்மை அறிந்து ஒப்பமிட்ட
ஆசிரியர்கள், அலுவலர்கள் நாற்பதின்மர்

மடலை எழுதியவனும் தாளை மாற்றியவனும்,
தமிழாசிரியன்